மாம்புரி சனிக்கிழமை வட்டத்தை நிறுத்த வேண்டாமென்ற வேண்டுகோளும் அதற்கு எழுதிய திருத்தமும்

அனுப்புபவர்:
வ. தோமஸ் குரூஸ்,
இளைப்பாறிய உப தபாலதிபர்,
தேவாலய வீதி, மாம்புரி.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
புத்தளம் மாவட்டம்.

விடயம்: சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டோருக்காகச் சனிக்கிழமைகளில் மாம்புரியில் நடைபெறும் உளவளத்துணை வட்டத்தைத் தொடர வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வேலைப்பளுவை அறிவேன். வாசிப்பதற்கு இலகுவாக, இம்மனுவில் வருபவற்றை முதலில் இலக்கமிட்டுத் தருகிறேன்.

1. நான் யார், எந்த உரிமையில் எழுதுகிறேன்
2. வட்டம் தொடங்கிய விதமும் அதன் தேவையும்
3. வருகை குறைந்ததற்கான காரணம்
4. ஒரு குடும்பத்தின் நிலை
5. என் வேண்டுகோள்கள்

1. எனக்கு எழுபத்தாறு வயது. முப்பத்து நான்கு வருடங்கள் இந்தக் கரையோரத்து உப தபாலகங்களில் கடமையாற்றினேன். பிறருக்காகப் பல மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; என் பெயரில் எழுதுவது இதுவே முதல் தடவை. உளவளத்துணை பற்றி நான் படித்தவனல்ல. கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் திறப்பை வைத்திருந்து பூட்டைத் திறந்துவிடுவது, கதிரைகளைப் போடுவது, என் மனைவி பவுலினா ஊற்றித் தரும் தேநீரைக் கொண்டுபோவது ஆகியனவே வட்டத்தில் என் வேலை. அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்ற ஐயத்துடனேயே எழுதுகிறேன்.

2. கடந்த வருடம் செப்ரெம்பரில், தங்கள் செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் செல்வி ஷானிகா இந்த வட்டத்தைத் தொடங்கினார். அதுவரை சூது என்றால் மர நிழலில் நடக்கும் கடதாசி விளையாட்டு என்றே நான் நினைத்திருந்தேன். இப்போது அது தொலைபேசியில் இருக்கிறது. கிரிக்கெற்றில் அடுத்த பந்துக்குப் பந்தயம். இல்லாவிட்டால் திரையில் மேலே ஏறும் ஒரு சிறு விமானம். அது ஏற ஏறப் பந்தயப் பணமும் பெருகுமாம்; மறையுமுன் விரலால் நிறுத்த வேண்டுமாம். கடலிலும் நெடுந்தூரம்வரை சிக்னல் கிடைப்பதால் படகிலும் ஆடுகிறார்கள். வலை இழுக்கும்போது ஒரு கை தொலைபேசியில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

செல்வி ஷானிகாவின் முறை எளிமையானது. வருபவர்கள் தொலைபேசிகளை ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் போட்டுவிட்டு வட்டமாக அமர்வார்கள். ஒருவர் கதைக்க மற்றவர்கள் கேட்பார்கள். முதல் வாரங்களில் தகரம் அதிரும்போதெல்லாம் எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். டிசெம்பரில் ஒரு நாள் அது விடாமல் அதிர்ந்தபோது ஒருவர், “அழட்டும் விடுங்க, பால் குடுக்க இங்க ஆள் இல்ல” என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அன்றுதான் இதில் ஏதோ பயன் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

டிசெம்பர் முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்பது முதல் பதினொரு பேர்வரை வந்தார்கள். தம் ஊரில் தெரியக்கூடாது என்பதற்காகவே பள்ளிவாசல்துறையிலிருந்து ஒருவர் வந்தார். அப்போது வரவுப் பதிவு எதுவும் இருக்கவில்லை. பவுலினா கழுவிய கோப்பைகளை வைத்தே இந்த எண்ணிக்கையைச் சொல்கிறேன். இது முறையல்ல என்று தோன்றியதால், ஜனவரி முதல் நானே ஒரு வரவு இடாப்பை ஆரம்பித்தேன். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் என நான்கு நிரல்கள். அதைச் சங்க மேசையில் வைத்து, மாத முடிவில் ஒரு பிரதியைக் கேட்கப்படாமலே தங்கள் செயலகத்துக்கு அனுப்பிவந்தேன் (இணைப்பு 1).

3. வருகை குறைந்துள்ளதால் ஏப்ரல் முடிவுடன் வட்டம் நிறுத்தப்படும் என்று தங்கள் செயலகத்தின் 2025.03.14ஆம் திகதிய கடிதம் அறிவிக்கிறது. குறைந்தது உண்மை. ஜனவரியில் நான்கைந்து பேர், பெப்ரவரியில் இருவர், இம்மாதம் இதுவரை ஒருவருமில்லை. இதற்குக் காரணம் நேர மாற்றமே. மாலை நான்கு மணிக்கு நடந்த வட்டத்தைச் செல்வி ஷானிகா ஜனவரி முதல் காலை எட்டு மணிக்கு மாற்றினார். அது படகுகள் கரைசேர்ந்து, வலையிலிருந்து மீன் கழற்றி விற்கும் வேளை. செல்வி ஷானிகா நல்லவர். தாய்மொழி சிங்களமானாலும் தமிழில் பொறுமையாகக் கேட்பவர். எனினும் தொழிலின் நேரத்தை அறியாமல் அவர் எடுத்த முடிவே வட்டத்தைக் கலைத்தது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

4. கெவின் என்பவர் காலஞ்சென்ற என் தங்கையின் மகன். உறவை மறைக்க விரும்பவில்லை. அவருக்கு முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். எந்நேரமும் தொலைபேசியும் கையுமாக இருப்பதற்கு அவர் தம் மனைவி நிஷாந்தினியிடம் சொன்ன காரணம் “காத்துப் பாக்கிறன்” என்பது. கடலுக்குப் போகிறவன் காற்றுப் பார்ப்பதில் யார் பிழை காண முடியும்? படகின் எஞ்சின் விற்கப்பட்டிருப்பதைக் கண்ட நாளில்தான் அவளுக்கு விளங்கியது.

செப்ரெம்பரிலிருந்து கெவின் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அந்த மாதங்களில் ஒரு தடவையேனும் ஆடவுமில்லை. வேறொருவரின் படகில் தொழிலுக்குப் போனார். மீனை விற்றுவரும் பொறுப்பையும் அந்த உரிமையாளர் அவரிடம் கொடுத்திருந்தார். பெப்ரவரியில் முதலில் அந்தப் பொறுப்பு போயிற்று, பின்னர் படகில் இடமும் போயிற்று. காரணம் எனக்குத் தெரியாது. அதன்பின் கெவின் வட்டத்துக்கு வரவில்லை. இம்மாத ஆரம்பத்தில் நிஷாந்தினி கிணற்றடியில் வைத்துப் பவுலினாவிடம், “மாமி, அவர் திரும்பவும் காத்துப் பாக்கத் தொடங்கிட்டார்” என்று சொல்லியிருக்கிறாள். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

அவர் திரும்பி வருவதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும், ஐயா. ஏப்ரலோடு அது இல்லாமல் போகும்.

5. ஆகவே நான் வேண்டுவன:
அ) வட்டத்தை நிறுத்தாது தொடர்தல்.
ஆ) நேரத்தை மீண்டும் மாலை நான்கு மணிக்கு மாற்றுதல்.
இ) மனைவிமாரும் பெற்றோரும் கதைப்பதற்கென மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குதல். கிணற்றடி அதற்குப் போதாது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வ. தோமஸ் குரூஸ்
மாம்புரி
2025.03.24

திருத்தம்

ஐயா, மேலுள்ள மனுவை நான் இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. கெவினின் பெயரை எழுதியிருப்பதால், அனுப்புமுன் அவருடைய சம்மதத்தைப் பெற எண்ணிப் புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்று வாசித்துக் காட்டினேன். மூன்றாம் இலக்கம் முடிந்ததும் நிஷாந்தினி கையால் மறித்தாள்.

“மாமா, நேரம் ஒண்டுமில்ல. உங்கட கொப்பிதான்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. கெவின்தான் விளக்கினார். எரிபொருள் அனுமதி விடயமாகச் சங்கத்துக்கு வந்த படகு உரிமையாளர், மேசையிலிருந்த இடாப்பைப் புரட்டியிருக்கிறார். அதில் கெவினின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் என் அழகிய நிரலில் இருந்திருக்கின்றன. “பொடியன் நல்லவன்தான், ஆனா மீன் விக்க அனுப்ப ஏலாது” என்று அவர் சொன்னது அன்றே கரை முழுவதும் பரவிவிட்டது. அதற்கு முன்னரே சிலர் அந்த நான்கு நிரல்களைக் கண்டு வராமல் நின்றுவிட்டார்களாம்.

ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பதிவுத் தபால் குடுக்கக்க நீங்க கையெழுத்து வாங்கிற விதம் ஊருக்கே தெரியும் மாமா. உங்கட மனம் நோகும் எண்டு விட்டிட்டம்” என்றார். எட்டு மணி வசதியான நேரமாம். மீனைக் கொடுத்துவிட்டு நேரே வரலாம், மாலை நான்கு மணி அவர்கள் தூங்கும் வேளை. நேரத்தை மாற்றும்படி செல்வி ஷானிகாவைக் கேட்டதே அவர்கள்தானாம்.

முப்பத்து நான்கு வருடங்கள் கையொப்பமின்றி ஒரு பதிவுத் தபாலையும் நான் கைமாற்றியதில்லை. கையொப்பம் இருந்தால் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் பாதுகாப்பு என்று நம்பியவன் நான். அந்தப் பழக்கத்தை, பெயர் தெரியக்கூடாது என்று வந்தவர்களிடம் கொண்டுபோய் வைத்தேன். பிறகு அதன் விளைவைச் செல்வி ஷானிகாவின் பெயரில் எழுதினேன். தபால் சேவையில் எழுதியதை அழிக்கக் கூடாது. பிழையை அப்படியே விட்டு, சரியானதைக் கீழே எழுதி ஒப்பமிட வேண்டும். அதனால்தான் மனுவைக் கிழித்து வேறு எழுதவில்லை.

இடாப்பை வியாழக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் பூட்டிவிட்டேன். இதைக் கெவின் மற்றவர்களுக்குச் சொன்னார். படகு உரிமையாளரை நானே போய்ச் சந்தித்து, கெவினைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இணைப்பு 1 இத்துடன் வரவில்லை. கெவின் தம் பெயரை எழுதச் சம்மதித்தார். மற்றவர்களின் பெயரைத் தர எனக்கு உரிமையில்லை. தங்களிடமுள்ள இரண்டு மாதப் பிரதிகளையும் தயவுசெய்து திருப்பித் தாருங்கள், அல்லது அழித்துவிடுங்கள். ஐந்தாம் இலக்கத்தின் (ஆ) வேண்டுகோளை மீளப்பெறுகிறேன். மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். இருவரின் கைகளில் மீன் செதில் இன்னும் காயவில்லை. கெவின் கடைசியாக வந்து, வாசலில் சற்று நின்றுவிட்டு, தொலைபேசியைத் தகரத்தில் போட்டார். ஆதாரமாகத் தர என்னிடம் கோப்பைகளின் எண்ணிக்கை மட்டுமே உண்டு. அது ஐந்து, ஏனெனில் ஒருவர் நோன்பு.

மூன்றாம் இலக்கத்தில் நான் எழுதியது பிழை.

வ. தோமஸ் குரூஸ்
மாம்புரி
2025.03.30