ஒன்பதாம் கேள்வி

மார்ச் 4, திங்கள்

புதிதாக வந்த பயிற்சி மருத்துவர்கள் மூவருக்கும் எங்கள் தோல் துறை ஆராய்ச்சியின் கேள்வித்தாளைச் சொல்லிக்கொடுத்தேன். அரிப்பு எத்தனை நாளாக, பத்துக்கு எவ்வளவு, தூக்கம் கெடுகிறதா. ஒன்பதாம் கேள்வி நான் சேர்த்தது: முதுகில் மருந்து தடவிவிட வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஒருத்தன் சிரித்தான். "இது ஆராய்ச்சிக்கு எதுக்கு மேடம்?" கை எட்டாத இடத்துக்குக் களிம்பு போகாது, போகாவிட்டால் உன் முடிவு தப்பாகும் என்றேன். சரியான பதில்தான். முழுப் பதில் இல்லை.

மூவரில் ஒருத்தி வாயே திறக்கவில்லை. அமுக்குணி என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 5

நீளக் கரண்டியில் பஞ்சு கட்டி முதுகில் தடவினேன். பாதி களிம்பு சுவருக்கு. வீட்டில் ஒரு ஆள் இருந்தால் அரை நிமிஷ வேலை.

மார்ச் 10, ஞாயிறு

தங்கை போனில், "எப்படிக்கா இருக்கே?" "எனக்கென்ன." இரண்டு வருஷமாக இதே பதில். அரிப்புக்கு வைத்தியம் பார்க்கிறவளே சொறிந்துகொண்டு நிற்கிறாள் என்று ஊர் சிரிக்காதா? தினமும் காலையில் ஒரு மாத்திரை, பிறகு சிரித்த முகம்.

மார்ச் 12

ஒவ்வாமைச் சோதனையைக் கற்றுக்கொடுக்க என் கையையே நீட்டினேன். அமுக்குணிதான் சொட்டு விட்டு ஊசியால் குத்தினாள். இரண்டு சொட்டு. ஒன்று உப்புநீர், தடிக்கக் கூடாது. மற்றது அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின், கால்மணி நேரத்தில் தடித்தே ஆகவேண்டும். தடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"மருந்தை ஃபிரிட்ஜ்ல வைக்காம விட்டுட்டியா? இந்தக் கவனத்தோட ஏன் இங்க வந்தே?"

"இல்ல மேடம், இப்பதான் எடுத்தேன்." அவ்வளவுதான். முகம் செத்துப்போனது.

மார்ச் 13

வேறு துறைக்கு மாற்றல் கேட்டு அமுக்குணி கடிதம் கொடுத்தாள். நீட்டிய கையில் சிவப்பாக ஒரு தடிப்பு. அதே மருந்தைத் தன் கையில் குத்திப் பார்த்திருக்கிறாள். மருந்து கெடவில்லை.

அப்படியானால் என் கை ஏன் —

மாத்திரை. ஐயோ. சோதனைக்கு ஒரு வாரம் முன்னாடியே அரிப்பு மாத்திரைய நிறுத்தணும், இல்லாட்டி தடிக்காதுன்னு வர்றவங்ககிட்டல்லாம் தொண்டை வத்தக் கத்துறவ நான். என்னைக் கேக்க ஆளில்ல, நானும் கேட்டுக்கல.

அவளுக்குப் புரிந்திருக்குமா? புரிந்துதான் சொல்லாமல் போகிறாளா?

மார்ச் 14

நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கடிதத்தில் நாளைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என் மானம் தப்பும், அவள் பெயர் கெடும்.

மார்ச் 15, வெள்ளி

மூவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். தப்பு என்னுடையது, மாத்திரை போட்டிருந்தேன், இரண்டு வருஷமாகப் போடுகிறேன். அன்று சிரித்தவன் இன்று சிரிக்கவில்லை.

எல்லாரும் போனபின் அமுக்குணி கேள்வித்தாளோடு திரும்பி வந்தாள். மேசையில் கிடந்த தன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "உக்காருங்க மேடம்." வரிசையாகக் கேட்டாள். அரிப்பு? ஏழு. தூக்கம்? கெடுகிறது. ஒன்பதையும் கேட்டாள். நானே எழுதிய கேள்வி.

"யாரும் இல்ல."

எழுதிக்கொண்டாள். பேனாவை மூடிவிட்டு, "ஆயின்ட்மென்ட் கையோட வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

தங்கையிடம் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் திட்டினாள், நன்றாக இருந்தது.

மார்ச் 29

அரிப்பு: நான்கு. தினமும் வேலை முடிந்ததும் அமுக்குணிதான் முதுகில் தடவிவிடுகிறாள். பஞ்சைப் பிரித்து, கரண்டியைத் தேய்த்துக் கழுவி, சமையலறையில் பழைய இடத்திலேயே மாட்டினேன்.