பத்து பத்தொன்பதுக்கு அழுத்திய பொத்தான்

இன்று, மூன்று மாதத்திற்குப் பிறகு, இயந்திரத்தின் குழலைக் கழற்றினேன். கடைசியாக நாம் பிழிந்த மா உள்ளே காய்ந்து ஒட்டியிருந்தது. வறுத்த சிவப்பரிசி மாவின் மணம் பாதி, பூஞ்சணத்தின் மணம் பாதி. முகர்ந்தேன். பிறகு சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் நிலவறைப் பக்கம் போகாமல் இருந்தேன்.

மோட்டார் வைத்த இடியப்ப உரல். யோசனை உன்னுடையது. தொழிற்சாலையில் இருபது வருடம் பெட்டி தூக்கி உன் அம்மாவின் வலது தோள் பழுதாகிப்போனது. இனிப் பிழியவே கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் பிழிந்தார். நீ என்னிடம் வந்து சொன்னாய்: "மச்சான், டென்மார்க்கிலை இருக்கிற அன்ரிமார் எல்லாருக்கும் தோள் பழுதாப் போட்டுது. இது நோயில்லையடா, மார்க்கெட்."

வார நாட்களில் நான் தொழிற்சாலையில் ரோபோக்களைத் திருத்தினேன், நீ முதியோர் இல்லத்தில் வயோதிபர்களைக் குளிப்பாட்டினாய். சனியும் ஞாயிறும் உரல். நான்கு மோட்டார்களை எரித்தோம். ஐந்தாவது பிழிந்தது. யாராவது வாங்குவார்களா என்று கேட்டேன். "நீ மெஷினைப் பார். ஆக்களை நான் பாக்கிறன்" என்றாய். வேலைப் பங்கீடு அவ்வளவுதான்.

நிறுவனத்தைப் பதிவு செய்யத்தான் நாள் பார்க்க வேண்டி வந்தது. உன் அம்மா யாழ்ப்பாணத்துக்கு அழைத்து ஒரு சாத்திரியாரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை, பத்து நாற்பது. அதற்கு முன் ராகு காலம். நாம் பத்து மணிக்கே மடிக்கணினியைத் திறந்துவிட்டோம். நீ கையொப்பத்தை முடித்துவிட்டுத் தேநீர் போடப் போனாய். கடைசிப் பொத்தான் மட்டும் மீதி.

"பொறடா. இன்னும் இருபது நிமிசம் கிடக்கு" என்று குசினியிலிருந்து கத்தினாய்.

"சைட் ரெண்டு நிமிசத்திலை வெளியிலை தள்ளிப்போடும். திரும்ப முதலிலை இருந்து நிரப்பேலாது. அதோடை யாழ்ப்பாணத்து ராகு காலம் எங்கடை ஹோர்சன்சுக்குச் செல்லாது. இஞ்சை சூரியன் வேறை நேரத்துக்கு வருது."

"ராகுவுக்கு விசா தேவையில்லை, மச்சான்."

அழுத்திவிட்டேன். பத்து பத்தொன்பது. நீ தேநீரோடு வந்து திரையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், தலையில் அடித்துக்கொண்டாய். "அம்மாட்டை வாய் திறக்காதை. நான் பாத்துக்கொள்ளுறன்."

அதிலிருந்து நான்காம் ஞாயிறு நீ கால்பந்து மைதானத்தில் விழுந்தாய். இதயம். முப்பத்தொரு வயது.

ஒரு பொத்தானுக்கும் ஓர் இதயத்துக்கும் இடையில் கம்பி எதுவும் ஓடவில்லை. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, என் தொழிலே அது. ஆனாலும் செத்த வீட்டில் உன் அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்கள் உட்காரக் கதிரைகளை அடுக்கினேன். அதன் பிறகு அவருடைய அழைப்புகளை எடுக்கவும் இல்லை.

இருவர் கூட்டில் ஒருவர் இல்லாவிட்டால் நிறுவனம் கலையுமாம். கடிதம் வந்தது. தொடர்வதென்றால் என் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். அது எப்படியோ உன் அம்மாவின் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: "தம்பி, கைவிடாதை. முந்தின மாதிரியே நல்ல நேரம் கேட்டுத் தாறன்."

அதற்கு மேல் ஒளிக்க முடியவில்லை. போன சனிக்கிழமை போனேன். சப்பாத்தைக் கழற்றியபடியே சொல்லிவிட்டேன்.

"அன்ரி, போனமுறை நான் நேரத்துக்குப் பொத்தானை அமத்தேல்லை. இருபத்தொரு நிமிசம் முந்தி, ராகு காலத்திலை. அவன் பொறு எண்டவன். நான்தான் கேக்கேல்லை."

அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடது கையால்.

"தெரியும்," என்றார். "அண்டைக்குப் பின்னேரமே சொல்லிப்போட்டான். விழுந்து விழுந்து சிரிச்சவன். 'அம்மா, அவன் ராகுவையே ஓவர்டேக் பண்ணிப்போட்டான்' எண்டு."

"கோவிக்கேல்லையோ?"

"கோவம்தான். அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைச்சு அருச்சனை செய்விச்சனான். ரெண்டு பேற்றை பேரிலையும்."

இரண்டு பேர் பெயரிலும். அடுப்பில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இந்தமுறை எத்தினை மணிக்கு, அன்ரி?"

"நான் கேக்கேல்லை, தம்பி. சாத்திரியாற்றை நம்பரைக் கையிலை எடுத்தனான், பிறகு வைச்சிட்டன். உனக்கு ஏலுற நேரம் அமத்து. ஆனா பிந்தாமல் கெதியா அமத்து. எனக்குத் தோள் நோகுது."

திங்கட்கிழமை வேலை இடைவேளையில் பதிந்தேன். உரிமையாளர் எத்தனை பேர் என்று படிவம் கேட்டது. ஒன்று என்று எழுதினேன். நேரம் பார்க்கவில்லை.

இன்று குழலைத் திரும்பப் பூட்டி முடித்த கையோடு ரண்டர்ஸ் நகரத்திலிருந்து ஓர் அம்மா அழைத்தார். உரல் வேண்டுமாம். மோட்டாரின் வலு, உத்தரவாதம், கழுவும் முறை எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்த இடத்தில்தான் நீ என் கையிலிருந்து தொலைபேசியைப் பறிப்பாய். தொழிற்சாலைக் கூட்டங்களிலும் எனக்கு இப்போது இதுதான் நடக்கிறது. என் பாதியைச் சொல்லிவிட்டு, மற்றப் பாதிக்கு இடம் விட்டு நிற்கிறேன். டேனிஷ்காரர்கள் நாகரிகமாகக் காத்திருக்கிறார்கள்.

ரண்டர்ஸ் அம்மா காத்திருக்கவில்லை. "தம்பி, லைனிலை நிக்கிறீரோ?"

"ஓம் அன்ரி, நிக்கிறன்," என்றேன். நீ வழக்கமாகக் கேட்பதையே கேட்டேன். "தோள் எப்பிடி?"

முக்கால் மணி நேரம் கதைத்தார். நான் இடையில் வெட்டவில்லை.