சுபஹ் வாங்குக்கு ஒரு பஸ்

2009 ஜூலை, செவ்வாய் இரவு

பக்கத்துத் தமிழ் ஊரான வீரமுனையிலிருந்து கல்முனைக்கு எங்கள் டிப்போ புது பஸ் விடப்போகிறது. நேரம் கேட்க இன்று அங்கே கூட்டம் வைத்தேன். சண்டைக் காலத்தில் எங்கள் சம்மாந்துறை முஸ்லிம் ஆட்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஏசுவார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன்.

முதல் பஸ் எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்டேன். மரக்கறி விற்கும் அக்கா ஒருவர் எழுந்தார்.

"உங்கட பள்ளிவாசல்ல விடியச் சொல்ற சுபஹ் வாங்கு கேட்டுத்தான் தம்பி நாங்க எழும்புற. அது முடிய ஒரு பஸ் விட்டாச் சந்தைக்குச் சரி."

"மணியைச் சொல்லுங்க அக்கா."

"வாங்கு நேரம் மாறி மாறி வருமே. உங்களுக்குத் தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நேரக் கட்டத்தில் 'சுபஹ் முடிய' என்றே எழுதிக்கொண்டேன்.

அல்ஹம்துலில்லாஹ். அத்தனை வருடமும் எங்கள் வாங்குச் சத்தம் அங்கே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. போகாமல் இருந்தது நாங்கள்தான்.