தலையாட்டாதே என்றவளுக்கு

நேர்காணலுக்குக் கொண்டுபோன பையைக் கவிழ்த்தேன். பேனாவோடு ஒரு பேட்டரியும் விழுந்தது. சட்டைப் பித்தான் அளவு. முதுகில் ஆரஞ்சு ஸ்டிக்கர், இன்னும் உரிக்காதது. உன் காது மெஷினுடையது. உபரியை எப்போதும் என் பையில்தான் போட்டுவைப்பாய்.

"ஸ்டிக்கர உரிச்சா தீர ஆரம்பிச்சிரும்ட்டி. கேக்குறதுக்கு லாயக்கா எவனாச்சும் பேசட்டும், அப்புறம் உரிப்போம்."

தாராவியில் நம் பள்ளி. டீச்சர் "புரிஞ்சுதா?" என்றதும் முதலில் ஆடும் தலை உன்னுடையது. அவர் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவார். உதடு தெரிந்தால்தான் உனக்குப் பேச்சு. பாதிகூட எட்டியிருக்காது.

"மண்டைய ஆட்டுனா அடுத்த ஆளுக்குப் போயிருவாவ" என்றாய்.

உன்னைப் பற்றி யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. நல்ல பிள்ளை.

அதனாலேயே பிறர் தலையாட்டினால் நீ நம்பமாட்டாய். செம்பூர் ஸ்டேஷன் வாசலில், போனைப் பார்த்தபடி உனக்குத் தலையாட்டினேன். முகவாயைப் பிடித்துத் திருப்பினாய்.

"நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு."

"வடா பாவ்... வாங்கலாம்னு?"

"செவிடு நானா, நீயா?"

பிறகு வடா பாவும் வாங்கினோம்.

காய்ச்சலோடு நீ தனியாகப் போன ஆஸ்பத்திரி. டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அன்று மாலை நீதான் சொன்னாய்: "கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. என்னவோ கேட்டாரு. ஆட்டிட்டு வந்துட்டேன்."

மறுநாள் மயங்கி விழுந்தாய். பிறகு எழவில்லை.

எல்லாம் விளக்கினோம், அவருக்குப் புரிந்தது என்றார்கள் அங்கே. இருக்கலாம். காய்ச்சலே உன்னைக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் டாக்டர் என்ன கேட்டார்? நீ எதற்கு ஆம் என்றாய்?

அங்கிருந்துதான் என் ஆய்வு. காது கேளாத பிள்ளைகள் வகுப்பில் ஏன் தலையாட்டுகிறார்கள். முனைவர் பட்டத்துக்கு, உதவித்தொகையோடு, விண்ணப்பித்தேன். அது கிடைக்காவிட்டால் ஐரோலி கால் சென்டர் வேலையை விடமுடியாது. வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

விண்ணப்பத்தைத் திருத்தித் தந்தவர் மாட்டுங்காவில் இருக்கும் ஒரு பேராசிரியை.

"அந்தப் பொண்ணு கதைய மேல கொண்டுவாம்மா. படிக்கறவா கண்ணுல தண்ணி வரணும். அப்பதான் கிராண்ட் வரும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு உறுத்தியது. அவர்களுக்கு ஆய்வு வேண்டுமா, நீ வேண்டுமா? எனக்கு எது வேண்டும்? உன்னை வைத்து நான் ஏறிப்போகிறேனா? உன் பத்தியை எடுத்துவிட்டேன். கேள்வியை மட்டும் விட்டுவைத்தேன்.

தேவ்நாரில் நேர்காணல். மேசைக்கு அப்பால் மூன்று பேர். நான் பேசப் பேச மூன்று தலைகளும் ஆடின. அழகாக, ஒரே தாளத்தில். முடித்ததும் நடுவில் இருந்த தலைவர் "மிகவும் தேவையான ஆய்வு" என்றார். அடுத்தவரை அழைக்கக் கதவைப் பார்த்தார்.

என் கை உன் கையாகிவிட்டது போலிருந்தது. அவருடைய முகவாயைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில், மரியாதையாக, நான் சொன்னதை ஒரு முறை திருப்பிச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

ஓரத்தில் இருந்த பெண்மணி பேனாவை மூடினார்.

"காது கேளாத குழந்தைகளுக்குக் கருவிகள் வழங்குவது பற்றி" என்றார் தலைவர்.

கருவி என்ற சொல்லையே நான் சொல்லியிருக்கவில்லை.

"இல்லை" என்றேன். முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை எந்தத் தலையும் ஆடவில்லை. பாதியில் அந்தப் பெண்மணி கையை உயர்த்தினார். "எனக்குப் புரியவில்லை. அந்த இடத்தை மறுபடி சொல்லுங்கள்." அன்று நான் நம்பியது அந்த ஒரு வாக்கியத்தை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதவித்தொகையை நானே கெடுத்துக்கொண்டேனா? முடிவு இன்னும் வரவில்லை. நீ இருந்தால் சிரித்திருப்பாய். திட்டியும் இருப்பாய்.

பேட்டரியைத் திரும்பப் பையிலேயே போட்டேன். உரிக்கவில்லை.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "என்னட்டி, நல்லாப் பேசுனியா? கிடைச்சிரும்லா?"

தலையாட்டப் போனேன். பாதியில் கழுத்து நின்றுவிட்டது.

"தெரியலம்மா" என்றேன். அவளுக்கு என் உதடு தெரியும்படி முகத்தைத் திருப்பி, இன்னொரு முறையும் சொன்னேன்.