உப்பில்லாத தயிர்

என்னங்க,

கேரட்டும் வெள்ளரிக்காயும் நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். தொட்டுக்கொள்ள இனி மயோனைஸ் கிடையாது. தயிரைத் துணியில் வடிகட்டி, பூண்டும் எலுமிச்சையும் மிளகும் சேர்த்திருக்கிறேன். டாக்டர் சொன்னபடி உப்பு போடவில்லை.

"மாட்டுக்குப் போடற மாதிரி பச்சையா போடறியே"ன்னு நேற்று கத்தினீர்கள். கத்துங்கள், பரவாயில்லை. ஆனால் இன்று காலை மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து, "ஷூ லேஸ் அவுந்துடுச்சு" என்றீர்களே, உங்கள் காலில் இருந்தது செருப்பு.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன். அதுவரை படி இறங்காதீர்கள். நான் போன் செய்தால் உடனே எடுங்கள்.

பி.கு.: உப்பு டப்பாவைத் தேட வேண்டாம். கைப்பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போகிறேன்.