மருமகளுக்கு ஒரு வாசல்

786
காரைக்கால்
6-2-1955

அருமை மகன் நூர் அகமதுக்கு உம்மா துஆச் செய்து எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நான், வாப்பா, உன் தங்கை ஜன்னத், மாப்பிள்ளை மீரா சாகிப் எல்லாரும் சுகம், அங்கே நீயும் உன் பெண்சாதியும் குழந்தையும் சுகம் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். சைகோனில் இனி இருக்க முடியாது, ஊருக்கு வந்தால் தங்க இடமில்லை, பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிடலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து என் மனசு என்னிடம் இல்லை. நீ சொன்னதும் பொய்யில்லை. நம்மில் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கட்டிக்கொண்டவள் வீட்டுக்குப் போய்விடுவான், சைகோன்காரிக்கு இந்த ஊரில் ஏது வீடு? அதற்காக ஒரேயடியாகக் கடல் தாண்டிப் போய்விடுவதா, பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

வீடு ஜன்னத் பெயரில் எழுதியாயிற்று, அவள் சம்மதிக்காமல் ஒரு செங்கல் வைக்க முடியாது என்று பயந்துகொண்டேதான் கடிதத்தை அவளிடம் காட்டினேன். கூடப் பொறந்த நானா வந்து தங்க எடமில்லாத வூட்ட வச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்ணப் போறேன், கொல்லப்பக்கம் சும்மாதானே கெடக்கு, ரெண்டு ரூம்பு எடுங்க என்றாள். வாப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய் தலத்தெரு கொத்தனார் அம்பலவாணனைக் கூட்டி வந்துவிட்டார். அவர் அவசரப்படுகிறவர் இல்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுது, கெணத்த விட்டு எவ்வளவு தள்ளணும், பழைய செவுரு பாரம் தாங்குமா, இதெல்லாம் பாக்காம கோடு போடக் கூடாதுங்க என்று மூன்று நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகுதான் சுண்ணாம்பை எடுத்தார். நகரசபை மேரி ஆபீசில் படம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், வரிச்சிக்குடி ஆட்கள் அறுப்பு முடிந்து வர வேண்டும், மாசி பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிடலாம் என்கிறார்.

இதில் ஒரு கூத்து நடந்தது கேள். கொத்தனார் வாசலைச் சந்துப் பக்கம் வைத்துக் கோடு போட்டார், வாப்பா தலையாட்டினார், கதவோரம் நின்ற நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளைமார் யார் கண்ணிலும் படாமல் வந்து போகத்தானே நாம் அப்படி வாசல் வைப்பது, மூன்று தலைமுறையாக மாப்பிள்ளைக்கே அறை கட்டிப் பழகிய கை வேறெங்கே போகும்? மறுநாள் துணி காயப்போடப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. வரப்போகிறவள் மருமகள், அடுப்படிக்கு வர அவள் சந்தைச் சுற்றிக்கொண்டா வருவாள்? வாப்பாவிடம் சொன்னேன். எங்களைக் கேட்காமல் நீ நிக்காஹ் செய்துகொண்டதிலிருந்து இரண்டு வருடமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டைக் காலாலேயே அழித்தார். மருமவ வர்றா, வாசல உள்பக்கம் வைங்க என்று கொத்தனாரிடம் சொன்னார். மருமவ என்று அவர் வாயால் கேட்டதும் நான் அழுதுவிட்டேன் நூரு. கோபம் போய்விட்டது, இனி நீ எதற்கும் அஞ்ச வேண்டாம். பிரான்சு பேச்சை விட்டுவிடு.

உனக்கும் அவளுக்கும் என் பேரப்பிள்ளைக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. மறக்காமல் ஒரு காரியம் செய். அவள் நின்றுகொண்டே சமைப்பவளாம், சைகோனிலிருந்து வந்த நூகு சொன்னான். அடுப்பு மேடைக்குக் கொத்தனார் உயரம் கேட்கிறார், தரையிலிருந்து அவள் இடுப்பு வரை நூல் பிடித்து, வெட்டி, கடிதத்துக்குள் மடித்து வை. அப்படியே அவள் பெயரையும் எழுது. நூகுவிடம் கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான், மகன் சொல்லித்தான் அறிய வேண்டும் என்று கேட்காமல் இருந்துவிட்டேன். இரண்டு வருடமாக நூரு பெண்சாதி என்று சொல்லித்தான் துஆக் கேட்கிறேன். அல்லாஹ்வுக்கு ஆளைத் தெரியும், எனக்குத்தான் கூப்பிட ஒரு பெயர் வேண்டும்.

இப்படிக்கு,
உனக்கு உம்மாவும் அவளுக்கு மாமியுமான
ஷரீபுன்னிசா