கோபத்தில் வளர்ந்த கல்வேலி

யேசு மரி சூசை துணை

நெடுந்தீவு
9.2.1986

அன்பு மகள் யோசப்பினுக்கு அம்மா எழுதுவது, மாதாவின் காவலில் நானும் கொப்பாவும் சுகமாக இருக்கிறோம், பிரான்சின் குளிரில் நீயும் மருமகனும் பேத்தி மெற்றில்டாவும் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் இங்கே தினமும் செபம். காற்றுக்கு மூன்று நாள் வள்ளம் ஓடவில்லை, உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. கொப்பாவுக்கு இந்தமுறை நல்ல மீன்பாடு, பசுவும் கன்று போட்டிருக்கிறது, நாம்பன் இல்லை, நாகு, பெட்டைக்கன்று.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கோபம் வந்தால் கையை அடக்க ஏலாமல் பிள்ளைக்கு அடிக்கிறாயாம், பிறகு நித்திரையுமில்லை சாப்பாடுமில்லை, குசினிக்குள் இருந்து அழுகிறாயாம். தன்னை அடக்க முடியாத பெண்களுக்கு மனமும் இப்படிச் சோர்ந்துபோகும் என்று அங்கத்தைய டொக்டர் சொன்னாராம். அவர் சொன்னது சரி மகள், அவரிடம் போவதை நிறுத்தாதே. ஆனால் உங்களைப்போலப் பொறுமை எனக்கில்லை அம்மா, நான் தாயாக இருக்கத் தகுதியில்லை, பிள்ளையை உங்களிட்டை அனுப்பிவிடுறன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு இடத்தில் மட்டும் கொப்பா சிரித்துவிட்டார். மாக்கிறேற், உனக்குப் பொறுமையோ என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறினால் வாயைத் திறக்காமல் வெளியே போய், மாடு உரஞ்சி விழுத்திய முருகைக்கல்லை எடுத்துக் கல்வேலியில் அடுக்குவேன். பத்துக் கல் தூக்கினால் மூச்சு வாங்கும், பிறகு ஆரையும் ஏசத் தெம்பு எங்கே. போன கிழமை பக்கத்து வளவு அன்னப்பிள்ளையக்கா வந்து, என்ன இவ்வளவு உயரம், கள்ளர் பயமோ என்று கேட்க, கள்ளரில்லை, நேற்று நான் நல்ல மீனைப் பூனைக்கு விட்டிட்டன், அதுதான் ரெண்டு வரிக் கல் கூடிப்போச்சு என்கிறார் இந்த மனுசன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. அப்போது உனக்கு மூன்று வயது, கஞ்சியைத் தட்டிக் கொட்டிவிட்டாய், நான் கையிலிருந்த அகப்பையால் எறிந்தேன். உன் புருவத்துத் தழும்பு கிணற்றடியில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று ஊருக்கும் சொன்னேன், வளர்ந்தபிறகு உனக்கும் அதையே சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்ன நான் உன்னிடம் சொல்லவில்லை. அன்று உன்னைக் கொப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, இன்னும் ஏதும் செய்துவிடுவேனோ என்ற பயத்தில் வெளியே ஓடிப்போய்த்தான் முதல் கல்லைத் தூக்கினேன். நீ விழவில்லை மகள், நான் எறிந்தது. என்னை மன்னித்துக்கொள்.

பிள்ளையை அனுப்பாதே. இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் காட்டு, ஒளிக்காதே. மூவரின் நெற்றியிலும் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதிக்கிறேன். மெற்றில்டாவை மடியில் வைத்து, அடித்தது அம்மாவின் பிழை, உன்ரை பிழையில்லை என்று இன்றைக்கே சொல்லு. நான் இருபத்தைந்து வருஷம் பிந்திவிட்டேன்.

உன் அம்மா
சி. மாக்கிறேற்